விழிக்கும் கணினி யாரிடம் பேசுகிறது?

பொத்தானை அழுத்தியது முதல் முகப்புத் திரை வரும் வரை கணினியில் ஓடி மறையும் வரிகளும் சின்னங்களும் யாருக்காக? கணினியை வடிவமைத்தவருக்கா, பழுது பார்ப்பவருக்கா, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கா? 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் தனிநபர் கணினியை வெளியிட்ட நாள்தொட்டு இந்தக் கேள்விக்குப் பல விடைகள் வந்துவிட்டன. புதிய விடை எதுவும் பழையதை முழுதாக அகற்றவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. இன்று தொடக்கத் திரையில் புதிராகத் தெரியும் பலவும் அந்தப் படிவுகளின் விளைவே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

கேள்வி எழும் இடம்

இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானல், தேயிலையும் ஏலமும் விளையும் மலை ஊராட்சி. தோட்ட வேலைக்காகத் தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தமிழ்க் குடும்பங்கள் இங்கும், அருகிலுள்ள மூணாறு, தேவிகுளம், பூப்பாறைப் பகுதிகளிலும் வாழ்கின்றன. கேரளத்தில் பள்ளிக் கணினிக் கல்வி 2000களின் தொடக்கத்தில் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டமாகத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. பள்ளிக் கணினிகளில் இருப்பது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட குனு லினக்ஸ். தமிழ்வழி மாணவர்களுக்குக் கணினிப் பாடநூல் தமிழிலேயே கிடைக்கிறது.

ஆனால் கணினி விழிக்கும் முதல் நிமிடம் அந்தப் பாடநூலுக்கு வெளியே நிற்கிறது. அங்கே தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. ஆங்கிலச் சுருக்கெழுத்து மட்டும். பருவமழையிலும் துலாமாத இடிமின்னலிலும் கரண்ட் போய்ப் போய் வரும் மலைப்பகுதியில் இந்தத் திரையைச் சமவெளிக்காரர்களைவிட அதிகத் தடவை பார்க்க வேண்டியிருக்கும். பழுது என்றால் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடிமாலிக்கோ, போடிமெட்டு இறங்கிப் போடிநாயக்கனூருக்கோ போக வேண்டும். ஆகவே திரையில் தெரிவது கோளாறா, வழக்கமான செய்திதானா என்று பிரித்தறிவது இங்கே ஒருநாள் வகுப்பையும் பயணச் செலவையும் தீர்மானிக்கும் காரியம்.

ஒரே திரை, நான்கு குரல்கள்

தொடக்கத்தில் பேசுவது ஒரே நிரல் இல்லை. முதலில் மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ், அல்லது அதன் வாரிசான யுஇஎஃப்ஐ. அடுத்தது எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் க்ரப் போன்ற ஏற்றி. மூன்றாவது, இயங்குதளத்தின் மையமான கெர்னல். நான்காவது, சேவைகளை ஒவ்வொன்றாக எழுப்பும் சிஸ்டம்டி. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்குகிறார். முன்னவர் என்ன சொன்னார் என்பது பின்னவருக்குப் பெரும்பாலும் தெரியாது. எழுத்தின் அளவும் திரையின் நுணுக்கமும் இடையில் மாறுவதும், ஒரு கணம் திரை இருண்டு மீள்வதும் இந்தக் கைமாற்றத்தால்தான்.

ஒரே பொருளுக்கு இவர்கள் வெவ்வேறு எண் சொல்வதும் அதனால்தான். 4 ஜிபி ரேம் பொருத்திய கணினியில் பயாஸ் 4 ஜிபி என்று சொல்லும். 32 பிட் இயங்குதளம் மூன்று, மூன்றரை ஜிபி என்று சொல்லக்கூடும். 32 பிட்டில் எண்ணக்கூடிய முகவரிகள் 429,49,67,296 மட்டுமே. அதில் ஒரு பகுதியைத் திரை அட்டை முதலிய சாதனங்கள் பிடித்துக்கொள்வதால், அதே முகவரிகளுக்கு உரிய ரேம் கண்ணுக்குப் படாமல் போகிறது. 64 பிட்டிலும், மதர்போர்டோடு சேர்ந்த திரைச் சில்லு தன் பங்கை முன்கூட்டியே எடுத்துவிடும். 500 ஜிபி வன்தட்டு 465 ஜிபி என்று தெரிவது இன்னொரு வகை: விற்பவர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ன் மடங்கில் எண்ணுகிறது. இவை எதிலும் திருட்டும் இல்லை, பழுதும் இல்லை. ரேமைக் கழற்றி மாட்டுவதால் எதுவும் மாறாது.

எல்லாவற்றையும் காட்டு

யுனிக்ஸ் மரபில் வந்தவர்களின் நிலைப்பாடு இது. கணினி தான் செய்வது அனைத்தையும் திரையில் எழுத வேண்டும். படிப்பதா வேண்டாமா என்பது பார்ப்பவர் பொறுப்பு. லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தொடங்கிய நொடியிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று குறிக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஒரு தீவிர நிலையும் உண்டு. 0 என்றால் கணினி இனி இயங்காது. 7 என்றால் நிரல் எழுதியவரின் சொந்தக் குறிப்பு.

இதன் பலம் நேர்மை. பலவீனம், அந்தத் தீவிர நிலை திரையில் எழுத்தாகத் தெரிவதில்லை என்பது. பயமுறுத்தும் வரியும் பொருட்படுத்த வேண்டாத வரியும் ஒரே உருவில், படிக்க முடியாத வேகத்தில் ஓடுகின்றன. 'ஃபர்ம்வேர் பக்' என்ற அடையாளத்தோடு வரும் வரிகளைப் பாருங்கள். கணினியைத் தயாரித்தவர் பயாஸில் விட்ட பிழையைக் கெர்னல் அவருக்குச் சுட்டிக்காட்டுகிறது. ஆனால் தயாரிப்பாளர் அங்கே இல்லை, மாணவர்தான் இருக்கிறார். பெரும்பாலும் கெர்னல் அந்தப் பிழையைத் தாண்டிச் சென்றுவிடும், கணினியும் ஓடும். முகவரி தவறிய கடிதம் என்றே இதைச் சொல்லலாம்.

'போகோமிப்ஸ்' என்ற எண்ணும் இந்த வகைதான். கெர்னல் தன் காத்திருப்புச் சுழல்களை அளவிட்டுக்கொள்வதற்காகக் கணக்கிடும் எண் அது. போலி என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லைப் பெயரில் வைத்தே அதைப் படைத்தார்கள். இருந்தும் அதைக் கணினியின் வேகமாக எடுத்துக்கொண்டு இரண்டு இயந்திரங்களை ஒப்பிடுவோர் உண்டு. திரையின் மேல்வரிசையில் பென்குயின் படங்கள் நான்கு தெரிந்தால், கெர்னல் நான்கு செயலிகளை எண்ணியிருக்கிறது என்று பொருள். ராஸ்பெர்ரி பையில் பென்குயினுக்குப் பதிலாக ராஸ்பெர்ரிப் பழம் வரும். அந்தச் சிறு கணினியை 2015-ல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வழங்கும் திட்டமொன்றைக் கேரள அரசு தொடங்கியது. அதன் திரை மூலையில் மஞ்சள் மின்னல் சின்னம் தெரிந்தால், நல்ல மின்சாரம் வருகிறது என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு நேர்மாறாக, பலகைக்கு வரும் 5 வோல்ட் 4.63-க்குக் கீழே இறங்கிவிட்டது என்ற எச்சரிக்கை அது. பெரும்பாலும் குற்றவாளி மெல்லிய ஒயர் அல்லது மலிவு அடாப்டர். வீட்டு மின்சாரத்தைக் குறை சொல்வதற்கு முன் அந்த ஒயரை மாற்றிப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் மறை

எதிர்த்தரப்பு, புரியாததைக் காட்டுவது கொடுமை என்கிறது. 1984-ல் வந்த ஆப்பிள் மெக்கின்டோஷ் சிரிக்கும் கணினிப் படத்தோடு விழித்தது. பழுதானால் சோக முகம் வந்தது. விண்டோஸ் 95 வானமும் மேகமும் கொண்ட படத்தைக் காட்டியது. அதன் அடியில் நிறப்பட்டை ஓடியது எதையும் அளப்பதற்காக அல்ல, படத்தின் வண்ணங்களைச் சுழற்றிக் காட்டிய உத்தி அது. விண்டோஸ் எக்ஸ்பியில் இடமிருந்து வலமாக ஓடிய மூன்று நீலக் கட்டங்களும் வேலை எவ்வளவு முடிந்தது என்று சொல்லவில்லை. இயந்திரம் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும் சொல்லின. லினக்ஸ் உலகில் இதே வேலையைச் செய்வது பிளைமவுத். 2008-ல் ஃபெடோரா 10-லும் 2010-ல் உபுண்டு 10.04-லும் அது இடம்பிடித்தது.

மறைப்பதன் குறை, ஏதாவது சிக்கும்போது வெளிப்படும். கெர்னலும் திரை இயக்கியும் ஒத்துவராத இடங்களில் படம் வராமல் போய், மறைத்து வைத்திருந்த வரிகளில் ஒன்று மட்டும் தனியே எட்டிப் பார்க்கும். உபுண்டு பயன்படுத்துவோர் பலருக்கும் பழக்கமான காட்சி: கறுப்புத் திரையின் மேல் இடது மூலையில் வட்டுப் பிரிவின் பெயர், அதையடுத்து 'கிளீன்' என்ற சொல், பிறகு கோப்புகளின் எண்ணிக்கையும் கட்டங்களின் எண்ணிக்கையும் சாய்கோடு போட்டு. அந்த ஒற்றை வரியோடு திரை நின்றுவிட்டால் வன்தட்டு போய்விட்டது என்றுதான் தோன்றும். உண்மையில் அந்த வரி சொல்வது, வட்டைச் சோதித்தேன், சுத்தமாக இருக்கிறது என்பது. அதன் பிறகு கணினி நின்றுபோனால் காரணம் வேறிடத்தில், பெரும்பாலும் திரை இயக்கியில் இருக்கிறது. முழுமையாகக் காட்டினால் குழப்பம். முழுமையாக மறைத்தாலும் பொறுக்கலாம். பாதி மறைத்துப் பாதி காட்டுவதே மிக மோசமானது என்பது என் கருத்து.

கரண்ட் போய் வந்த பிறகு வரும் வரிகளும் இப்படித்தான் தவறாகப் படிக்கப்படுகின்றன. எழுதிக்கொண்டிருந்தபோது அணைந்த வட்டில், 'ஜர்னலை மீட்கிறேன்' என்ற பொருள்படும் ஆங்கில வரி வரும். பாதியில் நின்ற வேலையைக் குறிப்பேட்டைப் பார்த்து முடித்து வைக்கும் ஏற்பாடு அது, நல்ல செய்தி. கணினி விழித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால், அடுத்த முறை வழக்கமாக மறைந்திருக்கும் க்ரப் பட்டியல் தானாகத் தோன்றி 30 நொடி காத்திருக்கும். சென்ற முறை தொடக்கம் முழுமையாகவில்லை என்று உபுண்டு குறித்து வைத்திருப்பதன் விளைவு இது. விசைப்பலகையைத் தொடாமல் பொறுத்திருந்தாலே போதும். ஆனால் இதெல்லாம் எழுதப்படாத அறிவாகவே இருக்கிறது. தெரிந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அறிவும் கூடவே போய்விடுகிறது.

எண்ணால் சொல், ஒலியால் சொல்

மூன்றாவது நிலைப்பாடு சேவைக்காரர்களின் பக்கம் நிற்கிறது. திரையே எரியாத நிலையில் வார்த்தையால் என்ன பயன்? ஐபிஎம் கணினிகளில் ஒரே ஒரு குறுகிய பீப் ஒலி வந்தால் எல்லாம் சரி. நீண்டதும் குறுகியதுமான பீப்கள் கலந்து வந்தால் ரேம், திரை அட்டை என ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. சோதனை எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பயாஸ் 80 என்ற வெளியீட்டு வாயிலுக்கு ஈரிலக்க எண்ணாக அனுப்புகிறது. அதைச் சிவப்பு எழுத்தில் காட்டும் சிறு அட்டையைப் பழுதுபார்ப்பவர்கள் செருகிப் படிப்பார்கள். சிக்கல் என்னவென்றால், ஏஎம்ஐ, அவார்ட், பீனிக்ஸ் ஆகிய மூன்று பயாஸ்களும் மூன்று அகராதி வைத்திருந்தன. ஒன்றில் ரேமைக் குறிக்கும் ஒலி இன்னொன்றில் வேறொன்று.

பெருங்கணினி உலகிலிருந்து வந்த ஐபிஎம் பொறியாளர்கள் 2008 வாக்கில் லினக்ஸ் கெர்னலின் செய்திகளுக்கும் இதுபோல அடையாள எண் கொடுக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். எண் இருந்தால் எந்த மொழியிலும் விளக்கக் கையேடு எழுதலாம் என்பது இந்த வழியின் பெரிய சாதகம். ஆயிரக்கணக்கான இயக்கிகளில் மாறிக்கொண்டே இருக்கும் செய்திகளுக்கு எண்ணை யார் பராமரிப்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. கெர்னல் முழுவதற்கும் அந்த முறை பரவவில்லை. தமிழர்களாகிய நமக்கு இது இழப்பு என்றே கருதுகிறேன்.

ஐந்தரை மணி நேரத்தின் கதை

தொடக்கத் திரையின் விசித்திரங்களில் இந்தியாவுக்கே உரிய முகம் கொண்டது நேரம். 1984-ல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் மின்கலத்தால் ஓடும் கடிகாரச் சில்லு சேர்க்கப்பட்டது. இன்றைய மேசைக் கணினிகளில் அந்த வேலையைத் தாங்குவது நாணய வடிவிலுள்ள 'சிஆர் 2032' என்ற 3 வோல்ட் பேட்டரி. அந்தச் சில்லில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி உண்டு. எந்த நாட்டு நேரம் என்று குறிக்க இடமில்லை.

அந்த ஒரு குறைதான் இவ்வளவு குழப்பத்துக்கும் மூலம். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் அதை உள்ளூர் நேரமாகப் படித்தது. விண்டோஸ் அந்தப் பழக்கத்தைத் தொடர்ந்தது. யுனிக்ஸ் மரபு அதை உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. இரண்டும் ஒரே கணினியில் இருந்தால், லினக்ஸைப் பார்த்துவிட்டு விண்டோஸுக்குள் போகும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அப்படி இரட்டை அமைப்பு உள்ள எந்த இயந்திரத்திலும் இது நேரக்கூடியதே. பிழை சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். இரண்டில் ஒன்றன் அமைப்பை மாற்றினால் தீர்ந்தது.

பேட்டரி உண்மையிலேயே தீர்ந்தால் குறி வேறு. பயாஸ் தன் அமைப்புகளை இழந்துவிட்டதாகச் சொல்லி ஒரு விசையை அழுத்தக் கேட்கும். தேதி 1980 ஜனவரி 1-க்கோ, தயாரிப்பாளர் வைத்த வேறு நாளுக்கோ போகும். அப்போது லினக்ஸ் வட்டைச் சோதிக்கையில், கடைசியாக இந்த வட்டைத் திறந்த நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று முறையிடும். வட்டில் பழுதில்லை, நிகழ்காலம்தான் பின்னால் போய்விட்டது. யுனிக்ஸ் கணக்கில் காலம் 1970 ஜனவரி 1-ல் தொடங்குவதால், கடிகாரமே இல்லாத சாதனம் நம் நாட்டு நேரத்தில் அன்று காலை 5.30 என்று காட்டும். இதைப் பூசி மெழுக சிஸ்டம்டி ஒரு வழி செய்திருக்கிறது: கடிகாரம், சிஸ்டம்டியின் நிரலைத் தொகுத்த நாளுக்கும் முந்தைய தேதியைச் சொன்னால், அந்த நாளுக்கே முன்னே தள்ளி வைத்துவிடும். நல்ல எண்ணம்தான். ஆனால் 1980 என்று பார்த்தால் உடனே சந்தேகம் வரும். இரண்டாண்டு பழைய தேதியைப் பார்த்தால் வராது. பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும்போதுதான் விஷயம் தெரியவரும், அப்போது பழி இணைய இணைப்பின்மேல் விழும்.

தமிழ் ஏன் தொடக்கத்தில் வருவதில்லை

நான்காவது நிலைப்பாடு, காட்டுவதா மறைப்பதா என்ற சண்டையையே ஒதுக்கிவிட்டு, மொழியைக் கேட்கிறது. பார்ப்பவர் மொழியில் சொன்னால் பாதிக் குழப்பம் தீராதா? இதற்கு எதிராகக் கெர்னல் எழுதுவோர் சொல்லும் காரணம் வலுவானது. உலகில் எங்கே பழுது வந்தாலும் ஒரே வரி தெரிந்தால்தான் தேடிப் பிடிக்க முடியும். மொழிபெயர்த்த வரியைத் தேடினால் எதுவும் கிடைக்காது. ஆனால் தமிழுக்கு இதைவிட அடிப்படையான தடை எழுத்துருவில் இருக்கிறது.

லினக்ஸின் எழுத்துத் திரையில் அதிகபட்சம் 512 வடிவங்களே ஏற்ற முடியும். தமிழ் எழுத்துகள் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. எண்ணிக்கை இடம் கொடுக்கிறது, அகலம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் 8 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் உள்ள கட்டம். அதில் 'ட' அடங்கும். 'ஞௌ' எழுதிப் பாருங்கள்: கொம்பு, ஞகரத்தின் வளைவுகள், பின்னால் வரும் சிறகு, எல்லாம் எட்டுப் புள்ளிக்குள் நசுங்கிக் கரும்பொட்டாகிவிடும். இன்னொரு தொல்லை வரிசை. யுனிகோடில் 'கெ' என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு என்று சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யும் அறிவு எழுத்துத் திரைக்குக் கிடையாது. கணினியின் மொழியைத் தமிழாக வைத்துக்கொண்டு எழுத்துத் திரைக்குப் போனால் வெறும் கட்டங்கள் வருவதற்கு இந்தத் தடைகளே காரணம்.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. கான்பூர் ஐஐடியில் கருவாகிப் புனே சி-டாக்கில் வளர்ந்த ஜிஸ்ட் அட்டை, டாஸ் காலத்திலேயே இந்திய எழுத்துகளைச் சாதாரணக் கணினித் திரையில் காட்டியது. மென்பொருள் செய்ய முடியாததை வன்பொருள் செய்தது. தமிழ்நாடு அரசு 2010-ல் ஏற்ற டேஸ் 16 குறியேற்றம் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தருவதால் வரிசைத் தொல்லையைத் தீர்க்கும். அகலத் தொல்லையைத் தீர்க்காது. யுஇஎஃப்ஐ, குறுகிய எழுத்துக்கு 8-க்கு 19, அகன்ற எழுத்துக்கு 16-க்கு 19 என்று இருவகைக் கட்டம் தருகிறது. சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு அது போதும். ஒட்டிக்கொள்ளும் குறிகளை உடைய தமிழுக்கு அரைகுறைத் தீர்வே. பிளைமவுத், எழுத்தை வரையும் பாங்கோ நூலகத்தைப் பயன்படுத்தித் தமிழை ஒழுங்காக வரையக்கூடியது. ஆனால் அதற்குரிய எழுத்துருவும் நூலகமும், வட்டு திறக்கும் முன்பே ஏறும் சிறு தொடக்கக் கோப்பமைப்புக்குள் இருந்தாக வேண்டும். அந்தப் பொறுப்பை இயங்குதளத்தைத் தொகுப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தீர்ந்ததும் தீராததும்

காட்டுவதா மறைப்பதா என்ற வாதம் நடைமுறையில் ஏறக்குறைய முடிந்துவிட்டது: படத்தைக் காட்டி, எஸ்கேப் விசையை அழுத்தினால் வரிகளைக் காட்டி, எல்லாவற்றையும் பதிவேட்டில் சேமிப்பது. எந்தச் செய்தி யாருக்கு என்று பிரிக்கும் வேலை இன்னும் தீரவில்லை. சிஸ்டம்டி ஒரு சேவைக்காக 90 நொடி காத்திருக்கும்போது, சிவப்பு நட்சத்திரம் அங்குமிங்கும் ஓட, எதற்காகக் காத்திருக்கிறேன் என்று பெயரோடு சொல்கிறது. பெரும்பாலும் முன்பு இருந்து இப்போது இல்லாத ஒரு வட்டுப் பிரிவுக்காகவே அது காத்திருக்கும். காட்டுவதும் விளக்குவதும் சேர்ந்து வரும் இந்த நடை நம்பிக்கை தருகிறது. தொடக்கம் முழுவதும் தமிழில் வருவது சில ஆண்டுகளில் நடக்கும் என்று சொல்வதற்கு இப்போதைக்கு ஆதாரம் போதாது.

அதுவரை செய்யக்கூடியது கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. பள்ளிக் கணினிகளில் அடிக்கடி தோன்றும் ஐம்பது தொடக்க வரிகளை ஆங்கிலத்தில் உள்ளபடியே அச்சிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் அதன் பொருளையும், காத்திருப்பதா, அணைப்பதா, பேட்டரியை மாற்றுவதா என்பதையும் தமிழில் எழுதினால் நான்கு பக்கத்துக்குள் அடங்கும். தேடுவதற்கு மூலவரியும் இருக்கும், புரிந்துகொள்ளத் தமிழும் இருக்கும். கேரளத்தின் தமிழ்வழிக் கணினிப் பாடநூலில் அந்த நான்கு பக்கத்தைப் பின்னிணைப்பாகச் சேர்க்கப் பாடநூல் குழுவினர் முன்வர வேண்டும்.